எட்டுக் கோப்பைத் தேநீர்



நான் கேமரன் மலையில் உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து தொழிற்சாலைக்கு இறங்கும் பாதையில் ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. விடியற்காலைப் பனிமூட்டத்துக்குள் முதலில் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கடையின் விளக்குத்தான். அங்கே பசியாற வருகிறவர்களில் ஒரு பெரியவர் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலை அவருக்கும் கடைக்காரருக்கும் வழக்கு முற்றிவிட்டது. "நம்ம தோட்டத்துத் தூளா, வெளித் தூளா என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் சொல்லிவிடுவேன்" என்பது பெரியவரின் கட்சி. "பாலும் சீனியும் போட்டுவிட்டால் எல்லாத் தூளும் ஒன்றுதான்" என்பது கடைக்காரரின் கட்சி. என்னைக் கண்டதும் இருவரும், "டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க" என்று தீர்ப்புக் கேட்டார்கள்.

தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் இத்தகைய வழக்கைத் தீர்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. உளவியலார் அதனைச் சோதனை முறை என்பர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அதைப் பற்றி ஓர் அத்தியாயம் படித்தேன். தேர்வுக்காகப் படித்தேன், எழுதினேன், மறந்தேன். பல ஆண்டுகள் கழித்து என் வகுப்பறையில் ஒரு பையனின் பொருட்டு அதை மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் தேநீர்.

பெரியவருக்கு ஒரு கோப்பை கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர் "நம்ம தூள்" என்கிறார். அது சரியாகவும் இருக்கிறது. அவருக்கு நாக்கு நுட்பம் உண்டு என்று ஒப்புக்கொள்ளலாமா? காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்கிற ஒரு சிறு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு முறை சரியாக வந்துவிடுமே! அப்படியானால் எத்தனை கோப்பை கொடுக்க வேண்டும்? எந்த வரிசையில் கொடுக்க வேண்டும்? எத்தனை சரியாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்?

இதே போன்ற வழக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில், ரோதம்ஸ்டெட் என்னும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எழுந்தது. அங்கே புள்ளியியலாளராக இருந்தவர் ரொனால்ட் ஃபிஷர். ஒரு மாலை அவர் மூரியல் பிரிஸ்டல் என்னும் அம்மையாருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அம்மையார் பாசி இனங்களை ஆராய்ந்தவர். பாலை முதலில் ஊற்றிய தேநீரே தமக்குப் பிடிக்கும் என்று சொல்லி, அவர் அந்தக் கோப்பையை வாங்க மறுத்தார். எதை முதலில் ஊற்றினால் என்ன, இரண்டும் ஒன்றுதானே என்றார் ஃபிஷர். ருசியில் வேறுபாடு தெரியும் என்றார் அம்மையார். அருகில் இருந்த வில்லியம் ரோச் என்பவர், சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றார். ரோச் பின்னாளில் அந்த அம்மையாரையே மணந்துகொண்டார் என்பது இந்தச் சோதனைக்கு வெளியே உள்ள செய்தி. என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை.

ஃபிஷர் 1935-ஆம் ஆண்டில் சோதனைகளை வடிவமைப்பது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஓர் அத்தியாயம் முழுவதும் இந்தத் தேநீர்ச் சோதனையே. அதை அவர் உளமும் பௌதிகமும் சேர்ந்த ஒரு சோதனை என்று குறிப்பிட்டார். அதில் அவர் வகுத்த ஏற்பாடு இதுதான்: எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எட்டில் நான்கு நான்கு என்பது அம்மையாருக்கு முன்கூட்டியே சொல்லப்படும். அவர் குடித்துப் பார்த்து, பால் முதலில் ஊற்றிய நான்கையும் பிரித்தெடுக்க வேண்டும்.

எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழிகள்? ஆறாம் ஆண்டு மாணவர்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். எட்டை ஏழால் பெருக்கி, ஆறால் பெருக்கி, ஐந்தால் பெருக்கினால் 1,680. அதை 24-ஆல் வகுத்தால் 70. எழுபது வழிகளில் ஒன்றே ஒன்றுதான் முழுச் சரி. ஆகவே ருசியே தெரியாத ஒருவர் குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட எழுபதில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. எட்டுக் கோப்பைக்குப் பதிலாக ஆறு கோப்பை வைத்தால் இருபதில் ஒரு வாய்ப்பு. இப்பொழுது கோப்பைகளின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பது விளங்குகிறதல்லவா?

அடுத்தது, வரிசை. நம் ஒட்டுக்கடைக்காரர் முதலில் நான்கு வெளித் தூள் கோப்பைகளையும் பிறகு நான்கு தோட்டத்துத் தூள் கோப்பைகளையும் கொண்டுவந்தால், பின்னால் வருபவை சற்று ஆறியிருக்கும். பெரியவர் சூட்டை வைத்தே பிரித்துவிடலாம். அப்படிப் பிரிக்கிறோம் என்பது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். சரி, சூட்டைச் சமப்படுத்திவிடுவோம். சீனி? கோப்பையின் கனம்? நாக்கின் களைப்பு? நமக்குத் தெரிந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாகச் சமப்படுத்தலாம். நமக்குத் தெரியாத வேறுபாடுகளை என்ன செய்வது? ஃபிஷரின் விடை மிக எளிமையானது. வரிசையை நீ தீர்மானிக்காதே, சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானி என்றார். சீட்டுக்கு யார் மேலும் விருப்பு வெறுப்புக் கிடையாது. தெரிந்த வேறுபாடு, தெரியாத வேறுபாடு எல்லாவற்றையும் அது பாரபட்சமின்றிக் கலைத்துப் போட்டுவிடும்.

அந்த அம்மையார் வென்றாரா, தோற்றாரா என்று ஃபிஷர் தம் புத்தகத்தில் சொல்லவே இல்லை. முதல் முறை படித்தபோது எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது.

உளவியலை முன்பெல்லாம் மனோதத்துவம் என்று அழைத்தார்கள். தத்துவம் என்ற சொல்லே காட்டுவது போல, மனத்தைப் பற்றிய பேச்சு நெடுங்காலம் சிந்தனையாளர்களின் சாய்வு நாற்காலியில்தான் நடந்தது. 1879-இல் ஜெர்மனியில் லைப்சிக் நகரப் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். 1885-இல் ஹெர்மன் எபிங்கவுஸ் நினைவாற்றலைப் பற்றிய தம் சோதனைகளை நூலாக வெளியிட்டார். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் எங்கள் மலைப்பகுதியை அளந்ததும் அதே 1885-இல்தான். ஒருவர் காட்டை அளந்த அதே ஆண்டில் இன்னொருவர் மறதியை அளந்த கணக்கை வெளியிட்டார்.

எபிங்கவுஸ் சோதித்தது தம்மைத்தாமே. பாட்டையும் கதையையும் மனப்பாடம் செய்தால் அவற்றின் பொருள் குறுக்கே வந்து உதவும் அல்லது கெடுக்கும். ஆகவே பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 உண்டாக்கி, பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தார். அவர் கண்ட முடிவுகளில் ஒன்று ஆசிரியர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது. பன்னிரண்டு அசைகள் கொண்ட ஒரு பட்டியலை ஒரே நாளில் அடுத்தடுத்து 68 முறை சொன்னதால் கிடைத்த பயன், மூன்று நாள்களில் பகிர்ந்து 38 முறை சொன்னதாலேயே கிடைத்துவிட்டது. ஏறத்தாழ பாதி உழைப்பு!

நம்மவர் பக்கமும் இந்தத் துறை தாமதமாக வரவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இல் பரிசோதனை உளவியல் துறை தொடங்கிற்று. அதன் தலைவர் நரேந்திரநாத் சென்குப்தா. மைசூரில் 1924-இல் எம்.வி. கோபாலசுவாமி உளவியல் துறையை ஏற்படுத்தினார். வானொலியில் பேசும்போது அவரை நினைக்காமல் இருக்க முடியாது. ஏனெனில் 1935-இல் மைசூரில் தம் சொந்த முயற்சியால் 'ஆகாசவாணி' என்னும் ஒரு வானொலி நிலையம் தொடங்கியவர் இந்த உளவியல் பேராசிரியர்தாம்.

சோதனைக்கும் வெறும் கவனிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் படிப்பு மேசை உள்ள பிள்ளைகள் அதிகப் புள்ளி வாங்குகிறார்கள் என்று நான் கவனிக்கிறேன். உடனே எல்லா வீட்டிற்கும் மேசை வாங்கிக் கொடுத்தால் புள்ளி ஏறுமா? மேசை வாங்கும் வசதியுள்ள வீட்டில் தாய் தந்தையர் பக்கத்தில் உட்கார்ந்து படிப்புச் சொல்லித் தரவும் கூடும். இரவில் வயிறு நிறையச் சாப்பாடும் இருக்கக்கூடும். எது எதனால் என்று கவனிப்பு மட்டும் சொல்லாது. ஒன்றை மட்டும் நாமே மாற்ற வேண்டும். மற்றவற்றை எல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றாக வைக்க வேண்டும். பிறகு விளைவை அளக்க வேண்டும். நாம் மாற்றுவதைச் சார்பிலா மாறி என்றும், அளக்கும் விளைவைச் சார்ந்த மாறி என்றும், மாற்றம் பெறாத தரப்பைக் கட்டுப்பாட்டுக் குழு என்றும் பாடநூல்கள் சொல்லும். சொற்கள் கடினம், செய்தி எளிது.

இந்த முறைக்கு நம் நாட்டிலேயே பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. அது உளவியல் சோதனையன்று, மருத்துவச் சோதனை. ஆனால் நடந்த இடம் கோலாலம்பூரில் இருந்த மனநோயாளர் மருத்துவமனை. அதில் நம் சமையலறைக்கும் பங்குண்டு.

அந்தக் காலத்து மலாய் மாநிலங்களில் பெரி பெரி என்னும் நோய் கொள்ளை கொள்ளையாக உயிர் குடித்தது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து இறப்பார்கள். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களிடையே அதிகம். தமிழ்த் தொழிலாளர்களிடையே மிகக் குறைவு. ஏன்? டாக்டர் பிராடன் என்பவர், அரிசிதான் காரணம் என்றார். சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. ஆனால் சீனருக்கும் தமிழருக்கும் அரிசி மட்டுமா வேறுபாடு? வேலை வேறு, வீடு வேறு, குடிநீர் வேறு. மேசை கதைதான் இங்கும்.

டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் 1905-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு காரியம் செய்தார். மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்களைக் கிழக்குப் பகுதியில் வைத்து, முன்போலவே சயாம் பச்சரிசியைக் கொடுத்தார். இரட்டைப்படை எண் வந்தவர்களை மேற்குப் பகுதியில் வைத்து, வங்காளத்துப் புழுங்கல் அரிசியைக் கொடுத்தார். மற்ற உணவெல்லாம் ஒன்றே. புதிதாக வந்தவர்களும் இந்த இரு தரப்பிலும் சேர்க்கப்பட்டார்கள். பாதி வழியில், 1906 ஜூன் மாதத்தில், கிழக்கில் இருந்தவர்களை மேற்குக்கும் மேற்கில் இருந்தவர்களைக் கிழக்குக்கும் மாற்றினார். கட்டடத்தில்தான் நோய் ஒட்டியிருக்கிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க அவ்வாறு செய்தார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை. பச்சரிசியோடு இடம் மாறிற்று.

ஓராண்டு முடிவில் பச்சரிசி உண்ட ஏறத்தாழ 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசித் தரப்பில் இருவருக்குத்தான் நோய் காணப்பட்டது. அவர்களும் சேரும்போதே நோயோடு வந்தவர்கள். அரிசியில் நஞ்சு இருக்கிறதா, அல்லது சத்து இல்லையா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பி1 என்னும் உயிர்ச்சத்து தவிட்டோடு போய்விடுகிறது என்பதும், நெல்லைப் புழுக்கும்போது அது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதும் பின்னரே தெரிந்தன. நம் பாட்டிமார் நெல்லை அவித்துக் காயவைத்த அந்த வேலையில் இவ்வளவு இருந்திருக்கிறது.

நேயர்களே, இந்தச் சோதனையை நான் வகுப்பில் பெருமையாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பதினெட்டுப் பேரிடம், இன்ன அரிசியை உண்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விளங்கிச் சம்மதம் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. அன்றைக்கு எந்த அரிசி கொல்லும் என்று மருத்துவருக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் பாதி ஆண்டு கடந்த பின்னும் தெரியவில்லையா என்ற கேள்வி எனக்குப் போகவில்லை. இன்று மனிதர்களை வைத்துச் சோதனை செய்கிறவர்கள் முதலில் சம்மதம் பெற வேண்டும். தீங்கு தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். இந்த விதிகள் சும்மா வந்தவையல்ல.

இனி என் வகுப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு நான்காம் ஆண்டு வகுப்புக் கொடுக்கப்பட்டது. பதினாறு பிள்ளைகள். லகர ளகர ழகர வேறுபாட்டில் எல்லாரும் தடுமாறினார்கள். எபிங்கவுஸ் சொன்னதைச் செய்து பார்க்கலாமே என்று தோன்றிற்று. இருபது சொற்கள். ஒரு குழு ஒரே நாளில் இருபது நிமிடம் உட்கார்ந்து படிக்க வேண்டும். இன்னொரு குழு நாளுக்கு ஐந்து நிமிடமாக நான்கு நாள் படிக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து இரு குழுவுக்கும் சொல்வதெழுதுதல். தலைமையாசிரியரிடம் சொல்லி, பெற்றோர்களுக்கும் தகவல் அனுப்பிவிட்டுத் தொடங்கினேன். பகிர்ந்து படித்த குழு அமோகமாக வென்றது.

எனக்கு ஒரே பூரிப்பு. பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் காட்டினேன். அவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதில் முன் வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கம் இருக்கிறார்களே, டீச்சர்?" என்று கேட்டார். பார்த்தேன். இருந்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. வெல்ல வேண்டும் என்று நான் விரும்பிய குழுவில் வெல்லக்கூடிய பிள்ளைகளை என் கையே எழுதியிருக்கிறது. அதோடு போகவில்லை. ஒரு குழுவுக்குக் காலை முதல் பாடவேளையில் தேர்வு வைத்திருந்தேன். மற்றதற்கு இடைவேளைக்குப் பிறகு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காலை ஏழரை மணிக்குப் பிள்ளைகளின் விரல் பென்சிலைப் பிடிக்காது. இடைவேளையில் சூடாகக் குடித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் குறையில்லை. நான் அளந்தது நினைவாற்றலையா, விரல் குளிரையா?

மறுபடியும் தொடங்கினேன். புதிய இருபது சொற்கள். இம்முறை பதினாறு பெயர்களையும் சீட்டில் எழுதி, மடித்து, காலி மைலோ டின்னில் போட்டுக் குலுக்கி, முதல் வகுப்புக் குழந்தை ஒன்றை எடுக்கச் சொன்னேன். இரு குழுவுக்கும் ஒரே நேரத்தில் தேர்வு. சொல்வதெழுதுதலோடு அந்தச் சொற்களில் சிலவற்றை வைத்து ஒரு பத்தி எழுதுவதும் சேர்த்தேன். தாள்களில் பெயருக்குப் பதில் எண் மட்டும். திருத்தியவர் பக்கத்து வகுப்பு ஆசிரியை. என் பிள்ளைகளின் கையெழுத்து அவருக்குப் பழக்கமில்லை.

பகிர்ந்து படித்த குழு இம்முறையும் முன்னே நின்றது. ஆனால் முன்பு கண்ட அளவில் பாதிகூட இல்லை. எட்டுப் பேருக்கு எட்டுப் பேர்; அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. எபிங்கவுசுக்குப் பிறகு பலர் பல நாடுகளில் செய்த சோதனைகள் அதே பக்கம் சாய்கின்றன என்பதுதான் எனக்குத் தைரியம். அடுத்த வாரமே மற்ற எட்டுப் பேருக்கும் பகிர்ந்து படிக்கும் வாய்ப்பைக் கொடுத்துவிட்டேன்.

என்னை உலுக்கியது வேறொன்று. பத்தி எழுதியதில் பதினொன்றாம் எண்ணுக்கு அந்த ஆசிரியை மிக உயர்ந்த புள்ளி கொடுத்திருந்தார். "யார் இந்தப் பிள்ளை? மழையில் நனைந்த கோழியைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறது!" என்றார். பட்டியலைப் பிரித்தேன். பதினொன்றாம் எண், பின் வரிசையில் சன்னலோரம் உட்காரும் ஒரு பையன். மூன்று மாதத்துக்கு முன் அவன் தாயிடம், "அவனுக்குப் படிப்பு ஏறாது, ஏதாவது கைத்தொழில் பழக்குங்கள்" என்று சொன்னவள் நான்.

ஒரு பத்தியால் ஒன்றும் நிரூபணமாகாது என்பதை நான் அறிவேன். அன்றைக்கு நன்றாக எழுத வந்திருக்கலாம். கோழி அவன் வீட்டுக் கோழியாக இருக்கலாம். ஆகவே வகுப்பிலுள்ள எல்லாருடைய பழைய கட்டுரைகளையும் எடுத்து, பெயரையும் என் புள்ளிகளையும் தாள் ஒட்டி மறைத்து, அதே ஆசிரியையிடம் கொடுத்தேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவர் புள்ளியும் என் புள்ளியும் அக்கம்பக்கமாக இருந்தன. அந்தப் பையனுக்கு மட்டும் மூன்று கட்டுரைகளிலும் என் புள்ளி வெகுவாகத் தாழ்ந்திருந்தது. அவன் எழுத்துப் பிழைகளை நான் ஒவ்வொன்றாகச் சுழித்திருந்தேன். முன் வரிசைப் பெண் ஒருத்தி செய்த அதே பிழை என் கண்ணுக்குத் தப்பியிருந்தது.

இதைப் பற்றியும் உளவியலார் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ரோசென்தால், கெர்மிட் ஃபோட் என்னும் இருவர் 1963-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பன்னிரண்டு மாணவர்களுக்கு ஆளுக்கு ஐந்து எலிகள் கொடுக்கப்பட்டன. உங்கள் எலி கூர்மையான இனம் என்று பாதிப்பேரிடமும், மந்தமான இனம் என்று மற்றவர்களிடமும் சொல்லப்பட்டது. உண்மையில் எல்லாம் ஒரே வகை எலிகள். ஆயினும் கூர்மை என்று பெயர் பெற்ற எலிகளே வழியைச் சீக்கிரம் கற்றன. எலிக்கே இப்படியென்றால்? ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சன் என்ற பள்ளித் தலைமையாசிரியையும் கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளியின் பதினெட்டு வகுப்புகளில் சோதித்து 1968-இல் நூலாக வெளியிட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, இவர்கள் இவ்வாண்டில் மலரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில், முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் அறிவுத் தேர்வில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

இந்தச் சோதனையை ஆசிரியர் கூட்டங்களில் மேற்கோள் காட்டாதவர் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆண்டிலேயே ராபர்ட் தார்ண்டைக் என்ற அறிஞர், அதில் பயன்படுத்திய தேர்வு சிறு பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை என்று கடுமையாகக் கண்டித்தார். மேல் வகுப்புகளில் விளைவு தெளிவாகத் தெரியவில்லை. 1984-இல் ஸ்டீபன் ரவுடன்புஷ் இத்தகைய பதினெட்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு நுட்பத்தைக் கண்டார். ஆசிரியருக்குப் பிள்ளைகளை இரண்டு வாரத்துக்கு மேல் ஏற்கெனவே தெரிந்திருந்தால், வெளியார் சொல்லும் எந்தப் பட்டமும் அநேகமாக எடுபடுவதில்லை. ஆசிரியரின் எண்ணம் அதற்குள் உறைந்துவிடுகிறது. இரண்டே வாரம்! ஆண்டுத் தொடக்கத்தில் போன ஆண்டு ஆசிரியரிடம் போய், "எப்படி இந்த வகுப்பு? யார் யார் தேறுவார்கள்?" என்று கேட்கும் வழக்கம் எனக்கும் இருந்தது. இப்பொழுது பிள்ளைகள் எழுதியதை நானே சில வாரம் படித்த பிறகுதான் அதைக் கேட்கிறேன். கட்டுரைத் தாளில் பெயரைப் பின்பக்கம் எழுதச் சொல்கிறேன். என் சொந்த வகுப்பின் கையெழுத்து எனக்குத் தெரியும் என்பதால் இது முழுப் பாதுகாப்பாகாது. ஆகவே மாதம் ஒரு முறை நானும் பக்கத்து வகுப்பு ஆசிரியையும் தாள்களை மாற்றிக்கொள்கிறோம்.

அந்தப் பையனின் வீட்டுக்கு ஒரு மாலை போனேன். லயத்தின் கடைசி வீடு. தாய் துணி மடித்துக்கொண்டிருந்தார். அன்று நான் சொன்னது தவறு என்றும், என் கணிப்பில்தான் பிழை என்றும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரிங்க டீச்சர், நான் நம்புறேன். ஆனா அவனே இப்ப எனக்குப் படிப்பு வராதுன்னுதானே சொல்றான். அதை யாரு மாத்துறது?" என்றார்.

அதற்கு என்னிடம் சோதனை எதுவும் இல்லை. அவனை முன் வரிசைக்குக் கொண்டுவந்தேன். அது ஒன்றும் பெரிய பலன் தரவில்லை, அவனுக்குச் சன்னலோரமே பிடித்திருந்தது. வாரம் ஒரு பத்தி எழுதி, என்னிடம் கொடுக்காமல் நேரே பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் கொடுக்கச் செய்தேன். அவர் எண்ணும் புள்ளியும் மட்டும் போட்டுத் திருப்பினார். ஐந்தாறு வாரம் கழித்து அவனே வந்து, "டீச்சர், அவங்களுக்கு இது நான்னு தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனான். இப்பொழுது அவன் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான்.

ஒட்டுக்கடை வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஒரு சனிக்கிழமை காலை கடையிலேயே நடத்தினோம். ஒரே மாதிரி எட்டுக் கோப்பைகள், ஒரே கெண்டித் தண்ணீர், சீனி பால் அளந்து, அடியில் எண் ஒட்டி. எந்த எண்ணில் எந்தத் தூள் என்பதைச் சீட்டுக் குலுக்கி, உள்ளே இருந்த கடைக்காரரின் மகள் மட்டும் எழுதி வைத்துக்கொண்டாள். கோப்பைகளை எடுத்துவந்து வைத்தவன் அவள் தம்பி; அவனுக்கு ஒன்றும் தெரியாது. பெரியவர் ஒவ்வொன்றையும் சத்தமாக உறிஞ்சி, கண்ணை மூடி, நான்கைத் தனியே நகர்த்தி வைத்தார்.

மூன்று சரி, ஒன்று தவறு. கூட்டம் ஆரவாரித்தது. நான்கில் மூன்று என்றால் பெரிய வெற்றியாகத் தோன்றுகிறதல்லவா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுபது வழிகளில் மூன்று சரியாக அமைவன பதினாறு. நான்கும் சரியாக அமைவது ஒன்று. ஆக, ருசியே தெரியாதவரும் இந்த அளவோ இதற்கு மேலோ சொல்லிவிட எழுபதில் பதினேழு வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ நான்கில் ஒன்று. பெரியவருக்கு நுட்பம் இல்லை என்றும் இதனால் ஆகாது. உண்டு என்று காட்ட இந்தக் கோப்பைகள் போதவில்லை.

இதை நான் விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "கணக்கெல்லாம் சரிதான் டீச்சரம்மா. அந்த அஞ்சாவது கோப்பைக்குத் தண்ணி சரியாக் கொதிக்கலை. அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு கோப்பை வைங்க" என்றார்.

வைத்திருக்கிறோம்.